மலபார் என்னும் சொல்: கண்டி உடன்படிக்கையின் பழைய ஆங்கிலம்

கண்டி நகரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெரு கட்டுகாஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணையைத் தாண்டி, அலவத்துகொட என்னும் ஊரை அடைகின்றது. அவ்வூரை உள்ளடக்கிய நிலப்பகுதிக்கு ஹாரிஸ்பத்துவ என்பது பழம்பெயர். ஹாரசிய என்பது சிங்களத்தில் நானூறு. பத்துவ என்பது ஆட்சிப் பிரிவு. 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் இப்பகுதியின் பெயரையும் குறித்துள்ளார். அவர் எழுதிய வடிவம் ஹோர்ஸ்பொட் என்பதாகும். நானூறு போர்வீரர் என்று அதற்குப் பொருளும் கூறினார். இக்கால ஆங்கிலம் மட்டும் கற்ற ஒருவன் அவ்வடிவத்தைக் காணின், குதிரையும் பானையும் அன்றி வேறெதுவும் அவன் மனத்திலே தோன்றா.

இவ்வகை மயக்கம் தீங்கற்றது. குதிரைக்கும் பானைக்கும் அங்கு இடமில்லை என்பது அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும். எழுத்து வடிவம் சிறிதும் மாறாமல் நின்று, பொருள் மட்டும் காலப்போக்கில் நகர்ந்துவிட்ட சொற்களே உண்மையில் அஞ்சத்தக்கவை. அவை வாசகனை நிறுத்துவதில்லை. தெரிந்த முகத்தோடு வந்து தெரியாத பொருளைத் தந்து செல்கின்றன. நொக்ஸ் கண்டி நாட்டாரின் கோர்ன் வகைகளைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதியிருக்கின்றார். இன்று அச்சொல்லைக் கேட்கும் இலங்கை மாணவன் சோளத்தையே நினைப்பான். கண்டி மக்கள் அக்காலத்திற் சோளம் விளைவித்துண்டனர் என்று எழுதியும் விடுவான். நொக்ஸ் கருதியதோ நெல், குரக்கன், தினை முதலிய தானியங்கள் யாவற்றையுமே. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தானியம் என்பதே பொதுப்பொருள். அதே நூலில் அவர் கறி என்னும் சொல்லையும் எடுத்தாள்கின்றார். ஆனால் அதனைப் போர்த்துக்கீசச் சொல் என்கின்றார். அடுப்படியிற் பிறந்த தமிழ்ச்சொல் ஒன்று, இடையில் நின்றவரின் பெயரால் அறியப்பட்ட வேடிக்கை இது.

இவ்வாறு பொருள் நகர்ந்த பழைய ஆங்கிலச் சொற்களுள், ஈழத்துத் தமிழரின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது மலபார் என்பதாகும். இன்றைய ஆங்கில அகராதியில் அது கேரளக் கடற்கரையைக் குறிக்கும். பதினாறாம் நூற்றாண்டு முதற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் ஐரோப்பியர் எழுதிய ஏடுகளிலோ அது தமிழ் மொழியையும், தமிழ் பேசுவோரையும், சில இடங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த எவரையுமே குறித்தது. பிற்கால வாசகர்கள் இரு வழியில் இடறுகின்றனர். ஒரு சாரார் அதனை மலையாளி எனக் கொள்கின்றனர். மற்றொரு சாரார், அது தவறென்று கண்டவர்கள், எங்கு கண்டாலும் தமிழர் என்று பெயர்த்துவிடுகின்றனர். பின்னையது அறிவுடைய தவறு. அதனாலேயே அது கூடிய தீங்கு விளைக்கின்றது. ஒவ்வோர் ஏட்டிலும் அச்சொல் யாரைச் சுட்டி நின்றது என்பதை அவ்வேட்டின் காலத்தையும் நோக்கத்தையும் கொண்டே துணிதல் வேண்டும்.

சொல்லின் பிறப்பு எளியது. மலை என்னும் திராவிடச் சொல்லோடு, நாடு அல்லது கரை எனப் பொருள்படும் பார் என்னும் அயற்சொல்லை இணைத்து அராபிய வணிகர் வழங்கிய பெயர் அது. 1498 இற் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கீசர் அப்பெயரை அவர்களிடமிருந்து பெற்றனர். மேற்குக் கரையிற் கேட்ட மொழிக்கு மலபார் என்று பெயரிட்ட அவர்கள், பின்னர்க் கிழக்குக் கரைக்கு வந்தபோது அங்குக் கேட்ட மொழியும் அதனை ஒத்திருக்கக் கண்டு, அதே பெயரை அதற்கும் இட்டனர். 1578 இற் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களுள் முதன்மையானது. அதன் முகப்பிலே மொழியின் பெயர் மலவார் தமுல் என்று இரண்டையும் சேர்த்துக் குறிக்கப்பட்டது. தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு 1708 இல் தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு வகுத்த பட்டியலை மலபாரிக்கா என்றும், 1716 இல் வெளியிட்ட இலக்கணத்தைத் தமுலிக்கா என்றும் அழைத்தார். எட்டாண்டுகளுக்குள் ஒருவரே இரு பெயரையும் வழங்கினார். 1779 இல் வேப்பேரியில் வெளிவந்த பப்பிரிசியுசின் அகராதி தன்னை மலபார் ஆங்கில அகராதி என்று கூறிக்கொண்டு, தமுலியன் என்பதே அம்மொழியின் பெயர், ஐரோப்பியர் பொதுவாக மலபார் என்பர் என்று முகப்பிலேயே விளக்கமும் தந்தது. பிழையை அறிந்தே பிழையோடு வாழ்ந்த காலம் அது. 1834 இல் றொட்லரின் அகராதி வெளிவரத் தொடங்கியபோது மலபார் என்பது முகப்பிலிருந்து மறைந்து தமிழ் என்பது நின்றது. பின்னர்க் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் இம்மயக்கத்தின் காரணத்தை ஆராய்ந்தார். யூலும் பேர்ணலும் 1886 இல் வெளியிட்ட ஹொப்சன் ஜொப்சன் என்னும் சொற்களஞ்சியமும் அவ்வாராய்ச்சியையே எடுத்துக்கொண்டது.

அறிஞர் ஏடுகளிற் பெயர் திருந்திவிட்டது. ஆட்சியாளர் ஏடுகளில் அஃது அவ்வளவு விரைவாகத் திருந்தவில்லை. அவ்வேடுகளிலேதான் ஒரு சொல்லாற் சொத்தும் உரிமையும் வந்தன, போயின.

யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு உளது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி 1706 இல் தொடங்கி 1707 இல் நிறைவுற்ற தேசவழமைத் தொகுப்பை, ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் நடைமுறைச் சட்டமாக்கினர். அப்பிரமாணம் தேசவழமையை யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளின் சட்டமும் வழக்கமும் எனக் கூறுகின்றது. ஈண்டு மலபார் என்பது வடபுலத்துத் தமிழரையே குறிக்கும் என்பதில் எவ்வித ஐயமுமில்லை. அச்சொல்லின் கீழ் நின்றவனுக்கு முதுசொம், சீதனம், தேடியதேட்டம் ஆகியவற்றில் தன் முன்னோர் வழக்கப்படி உரிமை உண்டு. அரசு அவனை வெளியாள் என்று கருதவில்லை. அவன் அம்மண்ணின் குடி என்றே சட்டம் அவனை அழைத்தது.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அதே ஆங்கில ஆட்சி, 1815 மார்ச்சு 2 ஆம் நாள், கண்டி மகுல் மடுவவில் மற்றோர் ஏட்டை வாசித்தது. கண்டி உடன்படிக்கை என்று வரலாறு அதனைக் கூறும். பன்னிரண்டு பிரிவுகளைக் கொண்ட அவ்வேட்டின் முதன் மூன்று பிரிவுகளிலும் மலபார் என்னும் சொல் நிற்கின்றது. முதலாம் பிரிவு மலபார் அரசனின் கொடுமைகளைக் கூறுகின்றது. இரண்டாம் பிரிவு மலபார் றேஸ் என்பதற்குக் கண்டி மாகாணங்களின் மேல் இருந்த உரிமை யாவும் ஒழிந்தது என்கின்றது. மூன்றாம் பிரிவு, வெளியேற்றப்பட்ட மலபார் காஸ்ட் ஆடவர் எவரும் எழுத்து மூலமான அனுமதியின்றித் திரும்பி வருதலைப் படைச்சட்டத்தின் தண்டனையோடு தடுக்கின்றது. யாழ்ப்பாணத்திற் குடியென உரிமை தந்த சொல், கண்டியிற் பகைவனென விலக்கும் சொல்லாயிற்று.

இவ்விடத்திலே சொல்லாராய்ச்சி இன்றியமையாதது. மலபார் அரசன் எனப்பட்டவன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். அவன் நாயக்கர் மரபினன். அம்மரபு மதுரைப் பகுதியிலிருந்து வந்தது. தமிழ் நூல்கள் வடுகர் எனச் சுட்டும் தெலுங்கு வழியினர் அவர்கள். 1739 முதல் 1815 வரையில் நால்வர் அம்மரபிலிருந்து கண்டியை ஆண்டனர். அவர்களுள் இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சியிலேயே, 1753 இல், சீயத்திலிருந்து வந்த துறவிகளைக் கொண்டு பௌத்த உபசம்பதை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. ஆகவே 1815 ஆம் ஆண்டு ஏட்டில் நிற்கும் மலபார், 1806 ஆம் ஆண்டுப் பிரமாணத்தில் நிற்கும் மலபார் அன்று. முன்னது ஓர் அரச குடும்பத்தையும் அதனைச் சூழ்ந்து கண்டியிற் குடியேறிய சுற்றத்தையும் குறித்தது. பின்னது ஒரு மாகாணத்தின் குடிமக்களைக் குறித்தது.

றேஸ் என்னும் சொல்லைத் துணைகொண்டு நோக்கின் இது மேலும் தெளிவாகும். இக்காலத்தில் அச்சொல் இனம் என்னும் பொருளிலேயே வழங்குகின்றது. அக்கால ஆங்கிலத்தில் ஒரு முன்னோனிடமிருந்து வழிவழி வந்த குடும்பத்தையும், அரச மரபையும் குறித்தற்கு அது தாராளமாக வழங்கியது. இரண்டாம் பிரிவு முழுவதும் அரசனின் பதவி நீக்கத்தையும், மேல்வழி, கீழ்வழி, கிளைவழி உறவினரின் அரியணை உரிமை நீக்கத்தையுமே பேசுகின்றது. அவற்றின் முடிவாக வரும் மலபார் றேஸ் என்பதை நாயக்க அரச மரபு எனக் கொள்ளுதலே இடத்துக்குப் பொருந்தும். தமிழ் இனத்துக்குக் கண்டியில் உரிமை இல்லை என்று 1815 இல் ஆங்கிலேயர் தீர்த்துவிட்டனர் என இப்பிரிவை வாசிப்போரும் உளர். அதனைக் கேட்டு மனம் வருந்தும் தமிழரும் உளர். இருவரும் இன்றைய பொருளை அன்றைய சொல்லின் மேல் ஏற்றிய பிழைக்கே ஆளாயினர்.

எனினும் உடன்படிக்கையை எழுதியவர்களை முற்றிலும் குற்றமற்றவர் எனல் ஒல்லாது. மூன்றாம் பிரிவிலே றேஸ் என்பது காஸ்ட் என மாறுகின்றது. போர்த்துக்கீசத்தில் வித்து, வழி, வகை எனப் பொருள்பட்ட காஸ்ட்டா என்பதன் வழிவந்த இச்சொல், அக்காலத்தில் வருணத்தை மட்டுமன்றிப் பிறப்பு வகை எதனையும் குறித்து நின்றது. (தமிழிற் சாதி என்பதும் அவ்வாறே, சாதிமல்லிகை என்னும்போது எவரும் வருணத்தை நினைப்பதில்லை.) எனவே மூன்றாம் பிரிவின் மலபார் காஸ்ட் அரச குடும்பத்தினும் அகன்றது. அரசனின் உறவினரை அப்பிரிவு முன்னரே தனியாக விலக்கிவிட்டது; அதன் பின்னும் மலபார் ஆடவரைக் கூறுதலால், உறவினரல்லாத தென்னிந்தியரும் அதில் அடங்குவர் என்பது பெறப்படும். எவர் அடங்குவர், எவர் அடங்கார் என்பதை ஏடு வரையறுக்கவில்லை. அப்போது வெளியேற்றப்பட்டிருந்தவரை மட்டும் அது சுட்டியதா, அன்றி அவ்வகையார் யாவரையும் வெளியேற்றியதா என்பதும் தொடரின் அமைப்பால் இருவகையாகக் கொள்ள இடந்தருகின்றது. ஆங்கில அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜோன் டொயிலி சிங்களத்தில் வல்லவர். நாட்டு நடப்பை நுணுகி அறிந்தவர். நாயக்கருக்கும் தமிழருக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறியார் எனக் கருதுதற்கில்லை. அகன்ற சொல் ஆட்சிக்கு வசதியாயிருந்தது. அயலான் ஒருவனை நீக்கினோம் என்று கண்டிப் பிரதானிகளுக்குக் கூறுதற்கு, கடல்கடந்து வந்த மற்றோர் அயலாட்சிக்கு அதனினும் பொருத்தமான சொல் கிடைத்திராது.

உடன்படிக்கையில் வேறு சில சொற்களும் இவ்வாறே இடறச் செய்வன. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அதில் லேட் ராஜா எனப்படுகின்றான். இன்றைய வழக்கின்படி அதனை மறைந்த அரசன், காலஞ்சென்ற அரசன் என்று பெயர்த்தால், 1815 பெப்ரவரியிற் சிறைப்பட்டு, 1816 இற் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 1832 வரையில் உயிர்வாழ்ந்த ஒருவனைப் பதினேழு ஆண்டு முன்னரே கொன்றவராவோம். லேட் என்பது அண்மைக்காலம் வரையிற் பதவியிலிருந்த என்னும் பொருளுடையது. முன்னாள் அரசன் என்பதே தக்க பெயர்ப்பு.

அவ்வாறே அபினிட்டி என்பது. இன்று அச்சொல் மனப்பொருத்தத்தையும் ஈர்ப்பையும் குறிக்கும். குருதி வழியாகவோ அபினிட்டி வழியாகவோ அரசனுக்கு உறவானோர் என்னும் தொடரில், மனம் ஒத்த நண்பரும் விலக்கப்பட்டனர் என்று கொள்ள நேரும். பழைய சட்ட ஆங்கிலத்தில் அதற்குக் கொள்வினை கொடுப்பினையால் வந்த உறவு என்பது பொருள். இஃது அற்ப வேறுபாடன்று. நாயக்கருக்குக் கண்டி அரியணை வந்தது இவ்வுறவு வழியாகவே. மகப்பேறின்றி இறந்த நரேந்திரசிங்கனின் பட்டத்தரசி மதுரை நாயக்கர் குலத்தவள். அவளுடைய உடன்பிறந்தானே 1739 இல் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரோடு முடிசூடினான். எந்த வாயிலால் ஒரு மரபு உள்ளே புகுந்ததோ, அந்த வாயிலைப் பெயர் சொல்லி அடைத்தனர் உடன்படிக்கையை வரைந்தோர். சொல்லின் பழம்பொருள் தெரியாதவனுக்கு இவ்வரசியல் நுட்பம் புலனாகாது.

ஐந்தாம் பிரிவில் மினிஸ்டர் என்னும் சொல் வருகின்றது. பௌத்த சமயத்தின் சடங்குகளும் மினிஸ்டர்களும் வழிபாட்டிடங்களும் பேணிக் காக்கப்படும் என்பது கருத்து. ஈண்டு அமைச்சருக்கு வேலையில்லை. சமயப் பணியாளராகிய துறவிகளே கருதப்பட்டனர். ஆங்கிலத் திருச்சபை வழக்கில் இப்பொருள் இன்னும் உண்டாதலின் இதனைக் கண்டுகொள்ளுதல் அரிதன்று.

ஆனால் பிரிட்டெண்ட் என்பது சிறிது நின்று நோக்கத்தக்கது. அரசனுக்கு உறவினராயுள்ளோர், அல்லது உறவினரெனப் பிரிட்டெண்ட் செய்வோர் விலக்கப்படுவர் என்கின்றது மூன்றாம் பிரிவு. இன்றைய பொருள் பாசாங்கு செய்தல், நடித்தல். பழம்பொருள் உரிமை கொண்டாடுதல். அவ்வுரிமை மெய்யோ பொய்யோ என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. 1688 இற் பிறந்து இங்கிலாந்தின் அரியணைக்கு வாழ்நாள் முழுவதும் உரிமை கோரிய ஸ்டூவர்ட் இளவரசன் ஜேம்சு பழைய பிரிட்டெண்டர் எனப்பட்டது அவன் வேடதாரி என்பதனாலன்று. அவன் உண்மையாகவே மன்னன் மகன். அவனது உரிமையைப் பாராளுமன்றம் ஏற்கவில்லை, அவ்வளவே. உடன்படிக்கைக்கு இரண்டாண்டின் பின், 1817 இல், ஊவா வெல்லசப் பகுதியில் ஒருவன் தோன்றித் தான் அரச குடும்பத்துத் துரைசாமி எனக் கூறினான். கிளர்ச்சி மூண்டது, பிரதானிகள் பலர் அவன் பக்கம் சேர்ந்தனர். ஆங்கிலேயர் அவனைப் பிரிட்டெண்டர் என்றே எழுதினர். பின்னர் அவன் வில்பாவே என்னும், துறவறத்தை நீங்கிய ஒரு சிங்களவன் என்பது வெளிப்பட்டது. உரிமை கோருவோன் என்னும் பழம்பொருளும், பொய் வேடம் பூண்டவன் என்னும் புதுப்பொருளும் ஒரே மனிதனிடத்தில் வந்து கூடின. சொல் வரலாற்றிலும் இத்தகைய நகைச்சுவை அரிதாகவே நிகழும்.

மற்றொரு செய்தியும் இதில் அடங்கியுளது. மலபார் ஆட்சியின் கொடுமையிலிருந்து விடுபட்டதாக 1815 இற் கூறப்பட்ட அதே மக்கள், 1817 இல் மலபார் இளவரசன் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவனின் பின்னே எழுந்தனர். சிங்களவன் ஒருவன் மக்களைத் திரட்டுவதற்கு நாயக்கப் பெயரைத் தாங்க வேண்டியிருந்தது. உடன்படிக்கையின் சொல் எவ்வளவு தூரம் நாட்டின் உள்ளத்தைக் கூறியது என்பதற்கு இதனினும் நல்ல உரை வேண்டுவதில்லை.

இனி, விலக்கப்பட்ட அச்சொல்லே வேறொரு வாயிலால் மலைநாட்டுக்குள் மீண்டும் புகுந்தது. 1820களிற் கண்டிப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1830களின் பிற்பகுதியில் அவை பெருகின. உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, ஏறக்குறைய 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தவர்கள் அங்கிருந்து பற்பல தோட்டங்களுக்குப் பிரிந்தனர். கண்டிக்குச் செல்வோருக்குப் பலகடுவக் கணவாயும் அலவத்துகொடையும் வழியிடைப்பட்டன. வழியில் மாண்டோர் பலர். இவர்களை அக்கால ஆங்கில ஏடுகள் மலபார் கூலிகள் என்றே எழுதின. ஆடவர் திரும்பி வருதலைப் படைச்சட்டம் கொண்டு தடுத்த நாட்டிற்கு, அதே பெயரால் ஆடவரையும் பெண்டிரையும் அரசின் ஆதரவோடு தோட்டத்துரைமார் வரவழைத்தனர். நானூறு போர்வீரரின் பெயர் பூண்ட ஹாரிஸ்பத்துவவின் தெருவிலே, மண்வெட்டியும் கூடையும் ஏந்தியவர் நடந்து சென்றனர். சொல் ஒன்றே, ஆயினும் 1815 இன் மலபார் அரியணைக்குரியவன், கோப்பிக் காலத்து மலபார் நாட்கூலிக்குரியவன். கூலி என்பதும் தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற சொல் என்பர். உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தின் பெயர், உழைப்பவனின் பெயராகி, பின்னர் இழிசொல்லாகித் திரும்பி வந்தது.

இவ்வாறு வெவ்வேறு மக்களை ஒரு சொல்லில் அடக்கியதனால் வரலாற்று நூல்களில் விளைந்த கேட்டுக்கு எமசன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூல் சான்றாகும். உழைப்பிலும் விரிவிலும் அந்நூல் போற்றத்தக்கது. மகாவமிசத்தில் தமிளர் எனக் கூறப்பட்டோரை அவர் மலபார் என்னும் சொல்லாற் குறிக்கின்றார். அச்சொல்லைப் பரந்த பொருளில் ஆளுவதாகவும், வந்தோர் மேற்குக்கரை மலபாரினர் மட்டும் அல்லர் என்றும் ஓரிடத்தில் எச்சரிக்கையும் செய்துள்ளார். எச்சரிக்கை ஓரிடத்தில், சொல்லோ பல நூறு பக்கங்களில். சோழநாட்டிலிருந்து வந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் அனுராதபுரத்தை ஆண்டதாக மகாவமிசம் கூறும் எல்லாளன், இவ்வழக்கால் மலபார் அரசனாகின்றான். ஈராயிரம் ஆண்டுகளின் பின் வந்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனும் மலபார் அரசன். அவன் சிறைப்பட்ட சில பத்தாண்டுகளில் மலையேறிய தோட்டத் தொழிலாளியும் மலபார். இவ்வாறு அடுக்கி வாசிப்பவனுக்கு, ஒரே கூட்டத்தார் ஈராயிரம் ஆண்டுகளாகப் படையெடுத்து வந்தனர் என்னும் தோற்றம் உண்டாகாமல் என் செய்யும்? அத்தோற்றத்தை உண்டாக்கியது வரலாறு அன்று, பெயரிட்ட முறையே.

தெனன்றின் நூல் இலண்டனில் வெளிவந்த அதே 1859 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில் மற்றோர் ஆங்கில நூல் வெளிவந்தது. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துச் சைமன் காசிச்செட்டி எழுதிய தமிழ் புளூராக் அது. மலபார் என்னும் பெயரை மறுத்து அவர் வாதம் செய்யவேண்டியதில்லாமற் போயிற்று, தலைப்பே போதியதாயிற்று. ஆங்கிலத்தில் எழுதும்போதும் தம் மொழியைத் தம் மொழியின் பெயராலேயே அழைக்கலாம் என்பதை அந்நூல் ஆரவாரமின்றிச் செய்து காட்டியது. கிரேக்கப் பேராசிரியன் பெயரைத் தமிழுக்கு அடையாக்கியதில் அக்காலத்து மோகம் சிறிது உண்டு; அது வேறு செய்தி.

காலப்போக்கிலே மலபார் என்பது அரச ஏடுகளிலிருந்தும் நீங்கியது. 1911 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு தலைப்புகளை வகுத்தது. பழைய சொல் வேறுபட்டோரை ஒன்றாக்கியது. புதிய தலைப்புகள் மலைநாட்டிற் பிறந்து வளர்ந்தவனையும் பிறநாட்டுப் பெயராற் குறித்தன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் அப்பெயரின் விளைவு எவ்வாறாயிற்று என்பது யாவரும் அறிந்ததே.

இப்பழைய ஏடுகளைத் தமிழாக்குவோர் மலபார் என்பதை எவ்வாறு பெயர்த்தல் தகும்? இடந்தோறும் வேறுபடப் பெயர்த்தலே முறை. 1679 இல் நொக்ஸ் அனுராதபுரத்தை அடைந்தபோது, தாம் பேசிய சிங்களம் விளங்காது திகைத்து நின்றோரென அவர் குறிக்கும் மலபார்கள் வன்னித் தமிழர். உடன்படிக்கையின் முதலிரு பிரிவுகளில் வருவோர் நாயக்கர். மூன்றாம் பிரிவில் வருவோர் கண்டியிற் குடியிருந்த தென்னிந்தியர். கோப்பிக் காலத்து ஏடுகளில் வருவோர் தமிழகத்துத் தொழிலாளர். தெனன்றின் பண்டை வரலாற்றுப் பகுதியில் வருவோர் பெரும்பாலும் சோழ பாண்டிய நாட்டார். மூலச்சொல்லையும் ஓரத்தில் தமிழெழுத்திற் காட்டிவிடின், பெயர்ப்பு தவறாயினும் வாசகன் திருத்திக்கொள்ள வழியுண்டு. ஒரே சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு என்னும் விதி கணித நூலுக்கும் மருத்துவ நூலுக்கும் ஏற்றது; ஆட்சியாளர் எழுதிய ஏட்டுக்கு ஏலாது.

ஒரே ஓரிடத்தில் மட்டும் அச்சொல் இன்றும் உயிரோடிருக்கின்றது. 1806 ஆம் ஆண்டுப் பிரமாணம் சட்டநூலில் இன்னும் நிலைத்துள்ளமையால், யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடி யார் என்னும் வினா நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1913 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், தேசவழமை இலங்கைத் தமிழர் எல்லாருக்கும் உரிய இனச்சட்டம் அன்று என்றும், அக்குறித்த நிலப்பகுதியைத் தம் இருப்பிடமாகக் கொண்ட தமிழருக்கே உரியது என்றும் உயர்நீதிமன்றம் கூறிற்று. மலபார் என்பதன் பொருளை நீதிபதிகள் எளிதிலே கடந்து சென்றனர். அவர்கள் நெடுநேரம் நின்று ஆராய்ந்தது அதனை அடுத்து நிற்கும் குடி என்னும் சொல்லையே.